மூன்றாவது டேங்கின் மூச்சு

காலி டேங்க் காற்றைத் தின்றுகொண்டிருந்தது.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேனலில் மூன்றாவது டேங்குக்கான ஆக்ஸிஜன் எண் நூறில் நிற்க வேண்டும். கழுவிக் காயவைத்து மூடியைத் திறந்து போட்டிருக்கும் டேங்கில் வெளிக்காற்றைத் தவிர வேறு என்ன இருக்கப்போகிறது? ஆனால் எண் தொண்ணூற்றேழு என்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள், தொண்ணூற்றாறு. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள், தொண்ணூற்றைந்து. பிறகு, அவள் பார்க்கிறாள் என்று தெரிந்துகொண்டதுபோல, அங்கேயே நின்றது.

விடுமுறை நாள் டியூட்டி என்றால் மற்ற ஆபரேட்டர்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அவளுக்கோ அது பிடிக்கும். அந்தப் பெரிய கூடத்தில் ஜன்னல் கிடையாது. வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. ஆனால் காது இருந்தால் போதும். சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரஸர் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்கும், அதன் காற்று குழாய் வழியாக வந்து, இரண்டாவது டேங்கின் அடியில் கிடக்கும் வளையத்தின் பொடிப்பொடி ஓட்டைகளிலிருந்து குமிழ் குமிழாகக் கிளம்பும், அந்தக் குமிழ்களைத் துடுப்புகள் சுற்றிச் சுற்றி அடித்து நொறுக்கும் சத்தம் உலை கொதிப்பதுபோல எஃகுச் சுவரைத் தாண்டி வரும். மேலே வெளியேறும் காற்றில் ஊறிய பயறும் நனைந்த சாக்கும் கலந்த ஒரு வாடை. புதிதாக வருகிறவர்களுக்கு வயிற்றைப் புரட்டும். அவளுக்கு அந்த வாடை மாறினால்தான் வயிற்றைப் புரட்டும்.

டேங்குக்குள் வளர்வது பாக்டீரியா. அது சுரக்கும் என்சைம் சலவைத் தூளில் சேர்ந்து, துணியில் படிந்த பால், முட்டை, ரத்தம் எதுவானாலும் கரைத்துத் தின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டத்துக்குத் தீனி போடுவது பெரிய காரியமே இல்லை, மூட்டை மூட்டையாகக் கொட்டலாம். காற்றுதான் பாடாய்ப் படுத்தும். தண்ணீரில் ஆக்ஸிஜன் கரைவதே கொஞ்சம், கரையக் கரைய இவை உறிஞ்சிவிடும். எண் இறங்கினால் காற்றைக் கூட்ட வேண்டும், துடுப்பின் வேகத்தைக் கூட்ட வேண்டும். பூஜ்யத்தைத் தொட்டு அங்கேயே கிடந்தால் மொத்த பேட்சும் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். அந்த எண்ணுக்குக் காவல் இருப்பதுதான் அவள் சம்பளம் வாங்கும் வேலை.

மூன்றாவது டேங்கின் கடைசி பேட்ச் வேறு மாதிரி இருந்தது. கம்ப்ரஸரை முழு வேகத்தில் ஓட்டியும் எண் பூஜ்யத்தை விட்டு எழவில்லை, ஆனால் அது சாகவும் இல்லை. மாறாக, இதுவரை யாரும் பார்க்காத அளவுக்கு என்சைமைக் கொட்டிக் கொடுத்தது. மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "கேக்குதுல்ல, குடுங்கய்யா" என்றார். கொடுத்தார்கள். கேட்கக் கேட்கக் கொடுத்தார்கள். பிறகு பேட்சை இறக்கி, டேங்கை நீராவியில் வேகவைத்து, சோடாக்காரம் போட்டுக் கழுவித் திறந்து வைத்தார்கள். அன்றிலிருந்து அந்த எண் நூறுக்கு ஏறவே இல்லை. சென்சாரை மாற்றினார்கள், அப்போதும் ஏறவில்லை. அடி வளையத்தின் ஓட்டைகளும் அடைத்துப் போயிருந்தன. இன்று ஃபிட்டர் உள்ளே இறங்கி அதை மாற்ற வேண்டும்.

ஃபிட்டர் அவள் கணவன்.

"என்ன போலீஸ், ரெடியா?"

புது வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, பெரிய ஸ்பேனரைக் கையில் ஆட்டிக்கொண்டு வந்தான். போலீஸ் என்பது அவன் அவளுக்கு வைத்த பெயர். காரணம் அந்தச் சின்ன மஞ்சள் கைமீட்டர். டேங்குக்குள் ஆள் இறங்கும் முன் அதைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டு, ஆக்ஸிஜன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்கும் முன்னால் மீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு இறங்குகிறவன் அதன் மேல் வாயால் ஊதுவான். மனிதன் விடும் மூச்சில் ஆக்ஸிஜன் குறைவு, அதனால் எண் சரிந்து மீட்டர் கத்த வேண்டும். இறங்கும் முன் ஒரு ஊதல், ஏறி வந்த பின் ஒரு ஊதல். இது அவர்கள் பிளான்ட்டின் வழக்கம்.

"ஊதட்டுங்களா மேடம்? சத்தியமா நேத்து ஒண்ணும் குடிக்கல."

"வாயடிக்காம ஊதுங்க."

ஊதினான். வெளிக்காற்றின் அளவான இருபது புள்ளி ஒன்பதில் இருந்த எண் பதினேழுக்குச் சரிந்து, மீட்டர் கீச்சென்று கத்தியது. அவன் இரண்டு கைகளையும் நீட்டி, விலங்கு மாட்டு என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது.

"என்னங்க, எண்ணு சரியில்ல. காலி டேங்க்ல எறங்கிட்டே வருது."

"சென்சார் மக்கர் பண்ணுதும்மா. கைமீட்டரை விட்டுப் பாரு."

விட்டுப் பார்த்தாள். அடிவரை இருபது புள்ளி ஒன்பது, குறையே இல்லை.

"பாத்தியா? சீக்கிரம் முடிச்சா பாப்பாவ நேரத்தோட கூட்டிட்டு வந்துரலாம். அக்கா வீட்ல அழுது ஊரைக் கூட்டியிருப்பா."

அது உண்மைதான். அவர்கள் மகளுக்கு அப்பாவின் நெஞ்சில் காதை வைத்துப் படுத்தால்தான் தூக்கம் வரும். தலையணை, தாலாட்டு எதுவும் செல்லாது, அந்த நெஞ்சு ஏறி இறங்க வேண்டும். அதைப் பார்த்து அவளுக்கே சில நாள் பொறாமையாக இருக்கும்.

காற்று வால்விலும் நீராவி வால்விலும் அவன் தன் சிவப்புப் பூட்டுகளைப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். உள்ளே போகிறவன் பூட்டு, உள்ளே போகிறவன் பையில் சாவி. அவனே வெளியே வந்து திறந்தால்தான் உண்டு, மேனேஜரே வந்து நின்றாலும் மாற்றுச் சாவி கிடையாது. இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை அவள் கையில். மேன்ஹோல் வழியாகக் கால், இடுப்பு, தோள், கடைசியாக அந்தச் சிரிப்பு என்று ஒவ்வொன்றாக உள்ளே போயின.

அவள் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினாள். உள்ளிருந்து ஸ்பேனரால் இரண்டு தட்டு வந்தது. டக் டக். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம்.

வேலை நடந்தது. இரும்பு இரும்பில் உரசும் சத்தம், போல்ட் விழுந்து உருளும் சத்தம், அவன் வாய்க்குள் முணுமுணுக்கும் பாட்டு. எல்லாவற்றுக்கும் அடியில் அவன் மூச்சு, எஃகுச் சுவரில் பட்டுப் பெரிதாகி, கிணற்றுக்குள் யாரோ தூங்குவதுபோலக் கேட்டது.

"உள்ள ஒரே வெக்கையா இருக்கும்மா" என்றான். "யாரோ இப்பத்தான் மூச்சு விட்டுட்டுப் போன மாதிரி இருக்கு."

"வெளிய வாங்க அப்படின்னா."

"ரெண்டு போல்ட்டு பாக்கி. மீட்டர் கத்துதா? இல்லைல்ல? பயந்து சாகாத. வீட்டுக்குப் போய் நான் வேணா உனக்கு..."

அவன் ஏதோ கிண்டலாகச் சொல்லிக்கொண்டே போனான். அவள் காதில் விழவில்லை. பேசும்போது மனிதன் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அவன் பேசிக்கொண்டிருந்தபோதும் அந்த மூச்சுச் சத்தம் ஒரே சீராக, அவசரமில்லாமல், ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

எதிரொலி, என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். எஃகு டேங்கில் எதிரொலிக்காமல் என்ன செய்யும்? ஆனால் எதிரொலி பின்னால் வர வேண்டும். இது முன்னால் வந்தது.

"என்னங்க, இப்பவே ஏறி வாங்க" என்று அவள் வாயைத் திறந்தபோது கூடத்தின் மறுகோடியில் அலாரம் அலறியது.

இரண்டாவது டேங்க். நாற்பதில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த எண் மளமளவென்று சரிந்தது. பார்வைக் கண்ணாடியில் நுரை பொங்கி மேலே மேலே ஏறியது.

"போய்ப் பாரு" என்றான் உள்ளிருந்து. "பேட்ச் போச்சுன்னா மேனேஜர் ரெண்டு பேரையும் தொங்க விட்ருவாரு."

"கயித்தை விடக்கூடாதுங்க."

"கம்பியில கட்டிட்டுப் போம்மா. நான் எங்க ஓடிரப் போறேன்?"

கட்டினாள். கயிற்றையும் மீட்டரின் நூலையும் கைப்பிடிக் கம்பியில் இறுக்கிக் கட்டிவிட்டு ஓடினாள். கயிறு பிடித்தவள் நகரக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் எண் விழும்போது ஓடாமல் நிற்க அவள் கால்கள் பழகியதில்லை.

காற்றைக் கூட்டினாள். துடுப்பின் வேகத்தைக் கூட்டினாள். நுரையை அடக்கும் எண்ணெயைச் செலுத்தினாள். வால்வு முழுக்கத் திறந்து கிடந்தது, குழாயில் காற்று சீறிக்கொண்டு போனது, ஆனால் எண் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. அவ்வளவு காற்றும் எங்கே போகிறது? வாடை மாறியிருந்தது. பயறும் சாக்கும் இல்லை. நிறைய பேர் அடைந்து தூங்கி எழுந்த அறையின் வாடை அது.

பிறகு அலாரம் தானாக நின்றது. அவள் எதையும் தொடவில்லை. நுரை அடங்கியது. எண் நாற்பதில் போய் நின்றது, ஒன்றுமே நடக்காததுபோல.

கூடம் சட்டென்று அடங்கியது. அவன் பாட்டு கேட்கவில்லை.

ஓடி வந்தாள்.

மூன்றாவது டேங்கின் மேன்ஹோல் மூடியிருந்தது. சுற்றிலும் அத்தனை நட்டுகளும் முறுக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

"முடிஞ்சுது" என்றான்.

அப்பாடா என்று மூச்சு வந்தது அவளுக்கு. கண்ணில் நீர்கூட வந்தது. முட்டாள்தனமாகப் பயந்துவிட்டோம் என்று அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். சட்டை உலர்ந்திருந்தது. டேங்கிலிருந்து ஏறி வந்தால் அவன் சட்டையைப் பிழியலாம், அவ்வளவு வேர்க்கும். கயிறு வட்ட வட்டமாக அழகாகச் சுற்றிக் கம்பியில் மாட்டியிருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு துண்டைக்கூட மடித்து வைத்தவனில்லை அவன்.

"அதுக்குள்ள மூடியையும் போட்டாச்சா? ஸ்பேனர் எங்க?"

"உள்ள."

"அப்ப நட்டை எப்படி முறுக்குனீங்க?"

"கையால."

வேடிக்கையாகச் சொன்னால் அவன் கண் முதலில் சிரிக்கும். சிரிக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தை அல்ல, வாயை. பிறகு அவள் நெஞ்சை. அவள் மூச்சை இழுத்தபோது அவன் நெஞ்சு எழுந்தது. அவள் விட்டபோது இறங்கியது.

கைமீட்டர் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து நீட்டினாள்.

"ஊதுங்க."

அதை அவன் முதல்முறையாகப் பார்ப்பவன்போலப் பார்த்தான். போலீஸ் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. குனிந்து ஊதினான். நீளமாக. மிக நீளமாக.

இருபது புள்ளி ஒன்பது.

"இன்னொரு தடவை."

ஊதினான். இருபது புள்ளி ஒன்பது. மீட்டர் செத்துவிட்டது என்று அவள் தன் வாயருகே வைத்து ஊதினாள். பதினேழு. கீச்சென்று கத்தியது. மறுபடி அவன் பக்கம் திருப்பினாள். ஊதினான். எண் அசையவில்லை. உள்ளே போன காற்று, போனபடியே திரும்பி வந்தது. அதிலிருந்து எதையும் அவன் எடுத்துக்கொள்ளவில்லை.

"இப்ப சரியா?" என்று கேட்டான். கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவனின் குரல்.

மீட்டரை அவன் கையிலேயே விட்டுவிட்டு அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகில் குளிர்ந்த குழாய் இடித்தது. காற்று வால்வு. அதில் சிவப்புப் பூட்டு அப்படியே தொங்கியது.

"சாவி..." என்றாள். "பூட்டைத் தெறங்க. சாவி உங்க பையிலதான இருக்கு?"

அவன் சட்டைப் பையைத் தடவினான். பிறகு மற்ற பைகளை. பொறுமையாக, ஒவ்வொன்றாக.

"உள்ள" என்றான்.

டக் டக்.

டேங்குக்குள்ளிருந்து.

டக் டக். டக் டக். டக் டக்.

"என்னங்க!" அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. முஷ்டியால் சுவரை அடித்தாள். இரண்டு அடி. உடனே பதில் வந்தது. இரண்டு தட்டு. அவசரமான இரண்டு தட்டு. தடித்த எஃகுக்கு அப்பால் ஒரு குரல், வார்த்தை புரியாமல்.

டேங்கின் மேல் இருந்த சின்னத் திரையில் எண். அறுபது. ஐம்பத்து நான்கு. அவள் கண்ணெதிரே இறங்கியது. ஒரு மனிதன் மூச்சு விட்டால் இவ்வளவு வேகமாக இறங்காது. அவனோடு வேறொன்றும் உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

நட்டைப் பிடித்துத் திருகினாள். அசையவில்லை. நகம் பிய்ந்தது. ரத்தம் வழுக்கியது. அவன் தடுக்கவில்லை. உதவவும் இல்லை. தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பைப் ரெஞ்ச். முதல் டேங்க் அடியில். ஓடினாள். எடுத்தாள். ஓடி வந்தாள்.

நாற்பது.

ஒரு நட்டு கழன்றது.

"பேசாதீங்க! கத்தாதீங்க! மூச்சை மெதுவா விடுங்க, இதோ தெறந்துட்டேன்!"

டக் டக்.

காற்று வால்வைத் திறந்தால் போதும். ஒரே ஒரு திருப்பு. உள்ளே காற்று கொட்டும். ரெஞ்சால் பூட்டை அடித்தாள். அடித்தாள். அடித்தாள். உடையாத பூட்டாகப் பார்த்து வாங்கியிருந்தார்கள். உயிரைக் காக்கிற பூட்டு அது.

இருபத்தெட்டு.

மறுபடி நட்டு. இரண்டாவது. மூன்றாவது.

டக். டக்.

தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இடைவெளி.

பதினொன்று. நான்காவது வரவில்லை. தொங்கினாள். முழு உடம்பையும் போட்டுத் தொங்கினாள். வந்தது.

ஐந்து.

"என்னங்க. ஒரு தட்டு தட்டுங்க. கேக்குது எனக்கு. தட்டுங்க."

டக்.

இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தாள். ரெஞ்சைப் பிடித்தபடி, மூச்சைப் பிடித்தபடி, காதைச் சுவரில் ஒட்டிக்கொண்டு.

பூஜ்யம்.

உள்ளே ஏதோ கனமான இரும்பு கையிலிருந்து நழுவி விழுந்து, ஒருமுறை உருண்டு, நின்றது.

அவளுக்குப் பின்னால் மீட்டர் கீச்சென்று கத்தியது.

அவள் திரும்பவில்லை. கண் முன்னால் சின்னத் திரையில் எண் ஏறத் தொடங்கியிருந்தது. மூடி மூடியிருந்தது. வால்வு பூட்டியிருந்தது. இருபது. ஐம்பது. எண்பது. அந்தப் பேட்சுக்குப் பிறகு முதல்முறையாக நூறைத் தொட்டு, அங்கே நின்றது. இனி அதற்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

கீச்.

பிடரியில் சூடான மூச்சு பட்டது. தெரிந்த மூச்சு. இத்தனை வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு.

"இப்ப சரியா வருது பாரு" என்றான். வேர்வையில் நனைந்த சட்டை அவள் முதுகில் ஒட்டியது. அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மீட்டரைக் காட்டினான். பதினேழு. சிரித்தான். இம்முறை சிரிப்பும் சரியாக வந்தது.

"கெளம்பு போலீஸ். பாப்பா தூங்காம காத்துக்கிட்டு இருப்பா."

மகள் காதை வைத்துப் படுக்கும் இடத்தில், அவன் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினான். அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரே சீராக, அவசரமில்லாமல்.